பழைய அச்சுப்பொறிக்கு வேண்டியது ஒரு மொழிபெயர்ப்பாளர்

உங்கள் வீட்டில் மேசைக்கு அடியிலோ மாடிப்படிக்குக் கீழேயோ ஒரு பழைய லேசர் அச்சுப்பொறி துணி போர்த்திக் கிடக்கிறதா? புதிய மடிக்கணினி வாங்கினோம், அதில் இது வேலை செய்யவில்லை, கடையில் கேட்டால் "இது பழசு, புதுசு வாங்கிடுங்க" என்றார்கள். பெரும்பாலும் இதுதான் கதையாக இருக்கும். 'சூராட் கபார் லாமா' என்று ஒலிபெருக்கியில் கூவிக்கொண்டு லோரி வரும்போது தூக்கிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்திருப்பீர்கள். கொடுக்காதீர்கள். அந்த இயந்திரம் பெரும்பாலும் சாகவில்லை. அதன் மொழியைப் பேசத் தெரிந்த ஆள்தான் வீட்டில் இல்லை.

நான் இடைநிலைப்பள்ளி அறிவியல் ஆசிரியர். தஞ்சோங் ரம்புத்தானிலிருந்து இதை எழுதுவதற்குக் காரணம் கணினி மீதுள்ள ஆர்வம் மட்டுமன்று. 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தது. அவ்வாண்டு ஜூனில் 'டெலிமா' தளம் வந்தது. பயிற்சித் தாள்கள் எல்லாம் பி.டி.எஃப். கோப்புகளாக மாறின. பள்ளிகள் திறந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஆசிரியர்கள் நாங்கள் புலனக் குழுவில் கோப்பைத் தட்டிவிட்டு நிம்மதியாகிவிடுகிறோம். அந்தப் பக்கம் என்ன நடக்கிறது? திறன்பேசித் திரையை இரண்டு விரலால் பெரிதாக்கி, பெரிதாக்கி, மாணவர் கேள்வியை நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்கிறார். வரலாற்றுக் கேள்வி என்றால் சரி. மின்சுற்றுப் படத்திலும் வரைபடத் தாளிலும் கோடு போட வேண்டிய அறிவியல் பயிற்சிக்கு இது எப்படிச் சரிவரும்?

கடையில் அச்சிடலாமே என்பீர்கள். ஒரு பக்கத்துக்கு 20 காசு என்று வைத்துக்கொள்வோம். படிவம் ஐந்து மாணவர் 12 பக்கமுள்ள மாதிரித் தாளை வாரத்துக்கு மூன்று என்று எடுத்தால் 36 பக்கம், 7 ரிங்கிட் 20 காசு. முப்பது வாரத்துக்கு 216 ரிங்கிட். இரண்டு பிள்ளைகள் இருந்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். அதே 1,080 பக்கத்துக்குப் பழைய சிறிய லேசர் அச்சுப்பொறியின் ஒரு டோனர்க் குடுவையில் ஏறக்குறைய பாதிதான் செலவாகும். எச்.பி. லேசர்ஜெட் 1020, கேனன் எல்.பி.பி. 2900 போன்றவற்றின் குடுவைகள் 2,000 பக்கம் வரும் என்று கணக்கிடப்பட்டவை.

காசைவிட எனக்குப் பெரிதாகப் படுவது வேறொன்று. கடையில் அச்சிட, கோப்பைக் கடையின் புலன எண்ணுக்கு அனுப்புகிறோம். மைகார்டின் இரு பக்கமும், வங்கிக் கணக்கு அறிக்கையும், அப்பாவின் சம்பளச் சீட்டும், உதவித்தொகை விண்ணப்பமும் அப்படித்தான் போகின்றன. அச்சடித்துக் கொடுத்தவர் நல்லவராகவே இருக்கட்டும். அந்தக் கோப்பு அந்தத் திறன்பேசியில் எத்தனை நாள் கிடக்கும்? யாரும் கேட்பதில்லை. இதைத் தவிர்ப்பதற்காகவே வீட்டில் ஓர் அச்சுப்பொறி இருப்பது நல்லது என்பேன்.

சரி, பழைய அச்சுப்பொறி ஏன் புதிய கணினியோடு பேச மறுக்கிறது? அச்சுப்பொறிக்கு எழுத்தும் தெரியாது, படமும் தெரியாது. தாளில் எந்த இடத்தில் கரும்புள்ளி வைக்க வேண்டும் என்பது மட்டுமே அதற்குத் தெரிய வேண்டும். ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி என்றால், ஏ4 தாளின் அகலத்தில் ஏறக்குறைய 4,960, நீளத்தில் 7,016. பெருக்கினால் சுமார் 35 மில்லியன் புள்ளிகள். உங்கள் கோப்பை இந்தப் புள்ளிக் கூட்டமாக யாராவது மாற்ற வேண்டும். விலையுயர்ந்த அலுவலக அச்சுப்பொறிகளில் அந்த வேலையைச் செய்ய உள்ளேயே ஒரு கணினி உண்டு. வீட்டுக்கென விலை குறைத்துச் செய்தவற்றில் அது இல்லை. வேலை முழுவதையும் உங்கள் கணினியின் தலையில் கட்டிவிட்டார்கள். அதைச் செய்யும் மென்பொருள்தான் இயக்கி.

லேசர்ஜெட் 1020 இன்னும் வேடிக்கை. மின்விசையை அணைத்தால் அது தன் சொந்த நிரலையே மறந்துவிடும். ஒவ்வொரு முறை போடும்போதும் கணினிதான் அந்த நிரலை மறுபடி ஊட்ட வேண்டும். கணினி இல்லாவிட்டால் அது வெறும் பெட்டி.

ஆகவே அச்சுப்பொறியின் ஆயுள், அதன் பற்சக்கரத்திலோ லேசரிலோ இல்லை. இயக்கியை யாராவது புதுப்பித்துக்கொண்டே இருக்கிறார்களா என்பதில் இருக்கிறது. விண்டோஸ் 11 முழுக்க 64-பிட் இயங்குதளம். 32-பிட் இயக்கி மட்டுமே உள்ள அச்சுப்பொறி அங்கே ஊமை. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்தது. இதற்கிடையே, அச்சுப்பொறி நிறுவனங்கள் தரும் தனித்தனி இயக்கிகளைப் படிப்படியாகக் கைவிட்டு, எல்லாருக்கும் பொதுவான ஐ.பி.பி. என்ற அச்சு நெறிமுறைக்கு மாறப்போவதாக மைக்ரோசாஃப்ட் 2023-இல் அறிவித்தது. இதனால் உங்கள் அச்சுப்பொறி நாளைக்கே நின்றுவிடாது. ஏற்கெனவே உள்ள இயக்கியை நிறுவிக்கொள்ளலாம். ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது தெரிகிறது.

அந்த முடிவைத் தவறு என்று நான் சொல்லமாட்டேன். 2021-இல் 'பிரிண்ட்நைட்மேர்' என்று பெயர் பெற்ற ஓட்டை விண்டோஸின் அச்சுச் சேவையில் வெளிப்பட்டது. யாரோ எழுதிய இயக்கி, கணினியின் ஆழத்தில் முழு அதிகாரத்தோடு உட்கார்ந்திருப்பது ஆபத்துதான். நான் கேட்பது ஒன்றே: பொது மொழிக்கு மாறுங்கள், ஆனால் பழைய மொழி மட்டுமே தெரிந்த இயந்திரத்துக்கு வழி என்ன? நிறுவனங்கள் பதில் சொல்லப் போவதில்லை. வீட்டில் நாமே ஒரு மொழிபெயர்ப்பாளரை உட்கார வைக்கலாம்.

ஓர் அச்சுப்பொறியைப் பல கணினிகள் பகிர்ந்துகொள்வது ஏழை வீட்டுச் சமாளிப்பு என்று நினைக்க வேண்டாம். வலையமைப்பே அதற்காகத்தான் பிறந்தது என்றுகூடச் சொல்லலாம். கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் கேரி ஸ்டார்க்வெதர் உருவாக்கிய லேசர் அச்சுப்பொறி விநாடிக்கு ஒரு பக்கம் அடித்தது. ஆளுக்கொன்று கொடுக்க முடியாத இயந்திரம் அது. மேசைக் கணினிகள் எல்லாவற்றையும் அதனோடு இணைக்க ஒரு வழி தேவைப்பட்டது. 1973 மே 22-இல் பாப் மெட்காஃப் எழுதிய உள்குறிப்பில் பிறந்ததுதான் ஈதர்நெட். அப்போது வேகம் விநாடிக்கு 2.94 மெகாபிட். உங்கள் வீட்டு மோடத்தின் பின்புறத்தில் வடம் செருகும் துளைகள் இருக்கின்றனவே, அவை அதன் வாரிசுகள்.

நம்மவர்களுக்கும் இந்த ஏற்பாடு புதிதல்ல. தோட்டத்து லயன்களில் பல வீடுகளுக்கு ஒரே குழாய். குடத்தை வரிசையில் வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கலாம். முறை வரும்போது நிரப்பிக்கொள்ளலாம். அச்சு வரிசையும் அப்படியே. அக்காள் அனுப்பியது முன்னால், தம்பி அனுப்பியது பின்னால். என்ன, குழாயடிச் சண்டைதான் இருக்காது.

இனி வழிகள். எளிதானது, அச்சுப்பொறி இணைந்திருக்கும் விண்டோஸ் கணினியில் அதன் பண்புகளைத் திறந்து 'பகிர்' என்பதைத் தேர்வதுதான். வலையமைப்பைத் 'தனியார்' என்று குறிக்க வேண்டும். அந்தக் கணினி உறங்காமல் இருக்க வேண்டும். இரண்டு விண்டோஸ் கணினி உள்ள வீட்டுக்கு இது போதும். குறை என்னவென்றால், கேட்கும் கணினியிலும் அதே இயக்கி இருக்க வேண்டும். புதிய மடிக்கணினிக்கு அந்த மொழி தெரியாது என்பதுதானே முதல் சிக்கலே? திறன்பேசிக்கும் குரோம்புக்குக்கும் இது உதவவே உதவாது.

இந்த வழியில் போகிறவர்களில் பலர், 11பி என்று முடியும் ஒரு பிழை எண்ணில் முட்டிக்கொள்வார்கள். 2021-இல் வந்த பாதுகாப்புத் திருத்தங்களின் பின்விளைவு அது. இணையத்தில் தேடினால், விண்டோஸின் பதிவேட்டில் ஒரு மதிப்பைச் சுழியமாக்கு, சரியாகிவிடும் என்று காணொளி காணொளியாகச் சொல்வார்கள். சரியாகத்தான் ஆகும். ஆனால் ஓட்டையை அடைக்கப் போட்ட பூட்டையே அப்படிக் கழற்றுகிறீர்கள். பிள்ளைகள் விளையாட்டுச் செயலிகளைக் கண்டபடி பதிவிறக்கும் வீட்டில் இதைச் செய்யாதீர்கள்.

இரண்டாவது, மோடத்தின் யூ.எஸ்.பி. துளையில் அச்சுப்பொறியைச் செருகுவது. சில மோடங்களில் இந்த வசதி உண்டு. தானே சிந்திக்கும் அச்சுப்பொறிக்கு நன்று. லேசர்ஜெட் 1020 போன்ற மறதிக்காரர்களுக்குப் பெரும்பாலும் சறுக்கும். நிரலை ஊட்டிவிட மோடத்துக்குத் தெரியாது.

மூன்றாவதுதான் நான் பரிந்துரைப்பது. மெதுவாகிவிட்டது என்று ஒதுக்கிய பழைய மடிக்கணினி ஒன்றை எடுத்து, அதில் டெபியன் அல்லது லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தை நிறுவி, 'கப்ஸ்' என்ற அச்சு மென்பொருளை இயக்குங்கள். மைக்கேல் ஸ்வீட் என்பவர் 1997-இல் எழுதத் தொடங்கி 1999-இல் வெளியிட்ட மென்பொருள் அது. ஆப்பிள் கணினிகளும் குரோம்புக்குகளும் அச்சிடுவது அதைக் கொண்டுதான். பழைய அச்சுப்பொறியின் இயக்கி இந்த ஒரு மடிக்கணினியில் மட்டும் இருந்தால் போதும். வெளியே அது பொது மொழியான ஐ.பி.பி.யில் பேசும். விண்டோஸ் 11, ஐபோன், ஆண்ட்ராய்டு எல்லாம் அதை ஒரு புத்தம்புதிய வைஃபை அச்சுப்பொறி என்றே நினைத்துக்கொள்ளும். உள்ளே நடப்பது மொழிபெயர்ப்பு. இருபது வயது இயந்திரத்துக்கு இந்த ஆண்டுத் திறன்பேசியிலிருந்து வேலை போகிறது.

ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினியிலும் இதைச் செய்யலாம். மின்சாரமும் மிகக் குறைவு. ஆனால் வாங்குமுன் உங்கள் மாதிரிக்கு இயக்கி உண்டா என்று ஓப்பன்பிரிண்டிங் திட்டத்தின் பட்டியலில் பாருங்கள். எல்.பி.பி. 2900-க்குக் கேனன் தந்த லினக்ஸ் இயக்கி சாதாரணக் கணினிச் சில்லுக்கானது, பை-யின் சில்லுக்கு அன்று. அங்கே பழைய மடிக்கணினியே மேல். அதிலும் பேட்டரி உப்பியிருந்தால் பயன்படுத்தவே வேண்டாம்; கழற்ற முடிந்த பேட்டரி என்றால் கழற்றிவிட்டு நேரடி மின்சாரத்தில் ஓட்டுங்கள்.

கப்ஸும் ஓட்டையற்றது அன்று. 2024 செப்டம்பரில், வலையிலுள்ள அச்சுப்பொறிகளைத் தேடித் தரும் அதன் துணை நிரலில் கடுமையான குறைகள் வெளிவந்தன. திருத்தங்களை அவ்வப்போது நிறுவுங்கள். மோடத்தில் 631-ஆம் எண் வாசலை வெளி இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். வீட்டுக்குள் மட்டும் பேசும் அச்சுப்பொறி வீட்டுக்குள்ளேயே இருக்கட்டும். ஒன்று கவனியுங்கள்: பல மோடங்கள் விருந்தினர் வைஃபையில் இருப்பவருக்கு வீட்டுக் கருவிகளைக் காட்டாது. "என் போனில் மட்டும் வரவில்லை" என்று பிள்ளை சொன்னால், முதலில் எந்த வைஃபையில் இருக்கிறார் என்று பாருங்கள்.

இந்த இலவச மென்பொருள் உலகத்துக்கும் ஓர் அச்சுப்பொறிக் கதை உண்டு. 1980 வாக்கில் எம்.ஐ.டி. ஆய்வுக்கூடத்துக்கு வந்த ஜெராக்ஸ் லேசர் அச்சுப்பொறியில் அடிக்கடி தாள் சிக்கியது. சிக்கினால் எல்லாருக்கும் செய்தி போகும்படி நிரலை மாற்ற நினைத்தார் ரிச்சர்ட் ஸ்டால்மன். மூல நிரல் தர மறுக்கப்பட்டது. அந்தக் கோபமும் சேர்ந்துதான் 1983-இல் அவரைக் 'குனு' திட்டத்தை அறிவிக்க வைத்தது. லினக்ஸ் இயங்குதளங்களில் ஒரு முக்கியப் பகுதி அந்தத் திட்டத்தின் விளைச்சல்.

எல்லாப் பழைய அச்சுப்பொறியையும் காப்பாற்றச் சொல்லவில்லை. மை தெளிக்கும் வகை பல மாதம் சும்மா கிடந்திருந்தால், மூக்குத் துளைகளில் மை காய்ந்து அடைத்திருக்கும். சுத்தம் செய்யும் ஒவ்வொரு முறையும் மையைத்தான் குடிக்கும். அதை விட்டுவிடலாம். லேசர் வகையில் இருப்பது உலர்ந்த தூள். அது காய்வதற்கு ஒன்றுமில்லை. நம் ஊர் ஈரக்காற்றில் நமத்துப்போவது தாள்தான். கட்டைப் பிரித்தபின் மூடிய பெட்டியில் வையுங்கள், பாதித் தாள்சிக்கல் போய்விடும். பல்லி முட்டை இருக்கிறதா என்றும் திறந்து பாருங்கள்.

உண்மையிலேயே செத்துப்போனதை லோரிக்குக் கொடுக்காதீர்கள். நம் நாட்டில் 2005-ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி மின்னணுக் கழிவு, எஸ்.டபிள்யூ. 110 என்ற குறியீட்டின் கீழ் வரும் அட்டவணைக் கழிவு. சுற்றுச்சூழல் துறையின் அனுமதி பெற்ற மையங்களே அதைப் பிரிக்க வேண்டும்.

சக ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து போட்ட படவில்லைகளைப் பயிற்சித் தாளாக அனுப்பாதீர்கள். ஒரு டோனர்க் குடுவைக்கு 2,000 பக்கம் என்பது, தாளில் நூற்றுக்கு ஐந்து பங்கு மட்டுமே கறுப்பாகும் என்ற கணக்கில் சொல்வது. உங்கள் ஒரு படவில்லை பதினைந்து, இருபது பக்கத்தின் தூளை விழுங்கிவிடும்.