ஆட்டை அவிழ்த்து விடச் சொன்ன அக்கா

பதிவு நீளம். கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

என் அக்காவை உங்களில் பலருக்குத் தெரியும். வயது 79. சர்க்கரை உண்டு, இதயமும் பலவீனம். வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து, நடைப்பயிற்சிக்காக ஒரு பராமரிப்பு மையத்தில் சேர்த்திருந்தோம். எட்டு நாள் வாக்கர் பிடித்து ஒழுங்காக நடந்தார். ஒன்பதாம் நாள் சாயங்காலம் என்னைப் பார்த்து "சித்தப்பா" என்றார். கட்டிலுக்கடியில் ஆடு கட்டிக் கிடக்கிறது, அவிழ்த்து விடுங்கள் என்றார். மறுநாள் காலையில் தெளிவாகப் பேசினார். ராத்திரி மறுபடியும் ஆடு.

குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தீர்ப்பு உடனே வந்துவிட்டது. "வயசாச்சுல்ல, அப்படித்தான்." "மறதி நோய் ஆரம்பிச்சிருச்சு." ஒருவர் இன்னும் ஒரு படி மேலே போய், "கையெழுத்துப் போடுற நிலையில இருக்கும்போதே வீட்டுப் பத்திரத்தை முடிச்சிடலாமே" என்று எழுதினார். எழுதியவர் இதையும் படிப்பார். படிக்கட்டும்.

மையத்தில் என்ன செய்தார்கள்? சத்தம் போட்டார் என்று தூக்க ஊசி போட்டார்கள். அடுத்த நாள் முழுக்கக் கண்ணே திறக்கவில்லை. "இப்ப அமைதியா இருக்காங்க சார்" என்றார்கள், ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல.

நான் மட்டும் யோக்கியனா? நாற்பது வருஷப் பழக்கம், பக்கத்தில் உட்கார்ந்து "இன்னிக்கு என்ன கிழமை? இது எந்த ஊரு?" என்று வாய்மொழித் தேர்வு வைத்தேன். தப்பாகச் சொன்னபோது அதட்டவும் செய்தேன். அவருடைய மூக்குக் கண்ணாடியும் காது மிஷினும் தொலைந்துவிடும் என்று வீட்டு பீரோவில் பூட்டி வைத்தவனும் நான்தான்.

பார்க்க வந்த என் பழைய மாணவி ஒருத்தி, நர்ஸ், ஒரே கேள்வி கேட்டாள். "சார், இது எப்ப ஆரம்பிச்சது?" மூன்று நாள்தான் என்றேன். "அப்ப இது மறதி நோய் இல்ல சார், உடம்புல ஏதோ கோளாறு. இப்பவே ரத்தம், யூரின் பார்க்கச் சொல்லுங்க."

பார்த்ததில் சோடியம் 119. குறைந்தது 135 இருக்க வேண்டும். கூடவே சிறுநீரில் கிருமித் தொற்று. மலம் போய் ஐந்து நாள் ஆகியிருந்தது. இதயத்துக்காக உப்பைக் குறைக்கச் சொன்னார் டாக்டர், நாங்கள் அடியோடு நிறுத்தியிருந்தோம். நீர் பிரிய மாத்திரை ஒரு பக்கம். பெட்பேன் வைக்கச் சொல்லி ஆயாவைக் கூப்பிடக் கூச்சப்பட்டு, தண்ணீர் குடிப்பதையே அவர் குறைத்திருக்கிறார். அது எங்களில் ஒருவர் கண்ணிலும் படவில்லை.

ஆங்கில வைத்தியத்தில் இதற்கு டெலிரியம் என்று பேர். மறதி நோய் மாதக்கணக்கில், வருஷக்கணக்கில் வரும். இது மணிக்கணக்கில், நாள் கணக்கில் வரும், ஏறும், இறங்கும். கத்துகிறவரையாவது கவனிப்பார்கள். சுருண்டு படுத்துக்கொள்கிறவரை யாரும் கவனிப்பதில்லை, அதுவும் இதே நோய்தான். நம் பாட்டிமார் இதை ஜன்னி என்றார்கள். காய்ச்சலில் பிள்ளை பிதற்றினால் ராத்திரியோடு ராத்திரியாக டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுகிறோமே, அதே பிதற்றலை 79 வயதுக்காரர் பிதற்றினால் ஏன் கையை உதறிவிடுகிறோம்?

தடுக்க முடியாததும் இல்லை. அமெரிக்காவில் யேல் மருத்துவமனையில் ஷாரன் இனோயே என்ற டாக்டரும் குழுவினரும் 70 வயதும் அதற்கு மேலும் ஆன 852 நோயாளிகளை வைத்து ஆராய்ந்து 1999-இல் வெளியிட்டார்கள். கண்ணாடி, காது மிஷின் கொடுப்பது, தண்ணீர் குடிக்க வைப்பது, எழுப்பி நடக்க வைப்பது, ராத்திரி சத்தமில்லாமல் தூங்க விடுவது, நாளும் இடமும் சொல்லிப் பேசிக்கொண்டிருப்பது. இவ்வளவுதான் செய்தார்கள். வழக்கமான கவனிப்பில் 100-க்கு 15 பேருக்கு வந்த குழப்பம், இவர்களிடம் 10 பேருக்குள் நின்றது. இதில் எதற்கு நமக்குக் காசு இல்லை?

டாக்டர்களாக, நர்ஸ்களாக இருக்கும் என் பிள்ளைகளே, உங்கள் வேலைப்பளு எனக்குத் தெரியும். ஆனாலும் தூக்க ஊசியை எடுக்கும் முன் "எப்ப ஆரம்பிச்சது" என்று கேளுங்கள். "அம்மா எப்பவும் இப்படி இல்லை" என்று வீட்டார் சொன்னால் நம்புங்கள்.

சோடியத்தை அவசரமாக ஏற்றினால் மூளைக்கே ஆபத்தாம், மெல்ல ஏற்றினார்கள். ஆறு நாளில் ஆடு போய்விட்டது. பழைய தெளிவு வர மூன்று வாரம் பிடித்தது.

பத்திரம் பற்றி எழுதியவருக்கு: உங்கள் செய்தியை அக்காவிடம் காட்டினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு அவரே இரண்டு தடவை படித்தார். ஞாயிற்றுக்கிழமை உங்களை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார்.