பனிமலையில் உம்மாவுக்கும் ஓர் இடம்

அரையாண்டுத் தேர்வு முடியும் நாட்கள் நெருங்கினால், இல்லந்தோறும் எழும் வினா ஒன்றுண்டு: "இவ்வாண்டு விடுமுறைக்கு எங்கே?" ஊட்டி, கொடைக்கானல் என்று சென்றுகொண்டிருந்த நம் குடும்பங்களிற் சில, இப்போது காஷ்மீரத்துப் பனிமலைகளை நாடத் தொடங்கியுள்ளன. வளைகுடாவில் பணிபுரியும் வாப்பா விடுப்பில் வருகின்றார். தொலைக்காட்சியில் பனிச்சறுக்கைக் கண்ட பிள்ளைகள் ஆசைப்படுகின்றனர். குல்மர்க் செல்வதென்று முடிவாகின்றது.

பெட்டிகள் கட்டப்படுகின்றன. அவற்றுள் ஒன்றில் ஊறுகாய், பருப்புப் பொடி, சோறு வடிக்கும் மின்பாத்திரம். அது உம்மாவின் பெட்டி. அங்கே போய்ச் சேர்ந்தபின் பனியில் இறங்குவோர் வாப்பாவும் ஆண்பிள்ளைகளும். உம்மாவோ விடுதி அறையில் அமர்ந்து, நனைந்து வரும் காலுறைகளை உலர்த்திக்கொண்டிருப்பார். மூத்த மகளும் பெரும்பாலும் அவருக்குத் துணையாக நிறுத்தப்படுவாள். இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் சமையற்கட்டை இடம் மாற்றியதற்குக் குடும்பச் சுற்றுலா என்று பெயர் வைத்திருக்கிறோம்!

ஏன் இப்படி என்று கேட்டால், தொழுகை தவறிவிடும் என்பர். பர்தா கெடும் என்பர். பெண்களுக்கு இதெல்லாம் எதற்கு என்பாரும் உளர். மூன்றாவதற்கு விடை சொல்லி நேரத்தை வீணாக்க வேண்டுவதில்லை. முதல் இரண்டும் சிந்திக்கத்தக்கவை.

முதலில் இடத்தைப் பற்றிச் சில சொற்கள். குல்மர்க், பாரமுல்லா மாவட்டத்தில், ஸ்ரீநகரிலிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவில் உள்ள மலைவெளி. 16 ஆம் நூற்றாண்டில் காஷ்மீரை ஆண்ட யூசுப் ஷா சக், மலர்வெளி என்று பொருள்பட இப்பெயரைச் சூட்டியதாகக் கூறுவர். கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர் உயரம். நம் தொட்டபெட்டாச் சிகரமும் 2,637 மீட்டர்தான். உயரம் ஒன்றே, ஆயினும் இங்கே உறைபனி விழுந்தாலே செய்தி, அங்கே ஆள் புதையும் பனி. காரணம், குல்மர்க் நம்மைவிட மிகவும் வடக்கே இருப்பதும், மத்தியதரைக் கடற்பக்கம் உருவாகிக் கிழக்கு நோக்கி வரும் குளிர்காலக் காற்றழுத்த மண்டலங்கள் இமயத்தில் மோதிப் பனியைக் கொட்டுவதும்தான். அவை வாராத ஆண்டில் பனியும் இல்லை. 2024 ஜனவரியில் குல்மர்க் வெளி வறண்ட புல்லாய்க் கிடந்தது. ஆகவே பயணச்சீட்டு வாங்குமுன் வானிலைச் செய்தியைப் பார்ப்பது நல்லது.

காஷ்மீர மக்கள் டிசம்பர் 21 முதல் நாற்பது நாட்களைச் 'சில்லை கலான்' என்பர். கடுங்குளிர்க் காலம் அது. நம் அரையாண்டு விடுமுறை அதன் தொடக்கத்தில் விழுகின்றது. பனி இன்னும் நன்கு படியும் பிப்ரவரியை நாடுவோர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். 2026, 2027 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ரமளான் பிப்ரவரியில் தொடங்குகின்றது. பயணிக்கு நோன்பைப் பிற்படுத்தும் சலுகை உண்டென்பது உண்மையே. ஆயினும் வேறு நாள் இருக்கும்போது, உல்லாசப் பயணத்தை ரமளானில் வைத்துக்கொள்வது எனக்கு உவப்பாகத் தோன்றவில்லை.

இனித் தொழுகை. குளிரில் உளூச் செய்வதுதான் பெருந்தடை என்று எண்ணுகிறோம். இந்த இடர் நம் மார்க்கத்துக்குப் புதிதன்று. தபூக் பயணத்தின்போது அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கை குறுகிய கம்பளி ஜுப்பா அணிந்திருந்தார்கள். உளூச் செய்யும் வேளையில் கையை மேலே சுருட்ட இயலாமற் போகவே, ஜுப்பாவின் அடிப்புறமாகக் கைகளை வெளியே எடுத்துக் கழுவினார்கள். உடனிருந்த முகீரா (ரலி) அவர்கள் நபியவர்களின் தோலுறைகளைக் கழற்றக் குனிந்தபோது, தூய்மையுடன் அணிந்தவை அவை, இருக்கட்டும் என்று கூறி, அவற்றின்மீது ஈரக்கையால் தடவிக்கொண்டார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் வரும் செய்தி இது. தடித்த குளிர்ச்சட்டைக்குள் கைகளை வைத்துக்கொண்டு தவிக்கும் இன்றைய பயணிக்கு இதைவிட நெருக்கமான முன்மாதிரி எங்கே கிடைக்கும்?

மஸஹு என்னும் இச்சலுகை, பயணிக்கு மூன்று பகல் மூன்று இரவு. உள்ளூரில் இருப்போருக்கு ஒரு பகல் ஓர் இரவு. முழு உளூவுடன் அணிந்திருக்க வேண்டும். கணுக்காலை மூடியிருக்க வேண்டும். மெல்லிய நைலான் காலுறைமீது தடவினால் மத்ஹபு அறிஞர்கள் ஏற்பதில்லை. ஆகவே பெட்டியில் முதலில் வைக்க வேண்டியது ஊறுகாயன்று, ஆளுக்கோர் இணை தோலுறை. பனிச்சறுக்குக்கென அணியும் கெட்டிப் பாதணிமீதே தடவலாமா என்பதை, புறப்படுமுன் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

தயம்மும் பற்றியும் ஒரு சொல். தாத்துஸ் ஸலாஸில் போர்ப் பயணத்தில், கடுங்குளிர் இரவில் குளிப்புக் கடமையான அம்ரு இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள், குளித்தால் உயிருக்கே கேடென்று அஞ்சித் தயம்மும் செய்து தொழுவித்தார்கள். செய்தியறிந்த நபியவர்கள் புன்னகை பூத்தார்களேயன்றிக் கடிந்துகொள்ளவில்லை. ஆனால் அது வெந்நீருக்கு வழியற்ற பாலைவெளி. விடுதியில் வெந்நீர்க் குழாய் இருக்கையில், குளிர்கிறதென்பதற்காக மட்டும் தயம்மும் செய்ய இடமில்லை.

நேரம்தான் சற்றுக் கவனிக்கத்தக்கது. டிசம்பர் இறுதியில் அங்கே மாலை ஐந்தரை மணிக்கெல்லாம் கதிரவன் மறைந்துவிடுவான். பனியில் விளையாடும் பொழுதிலேயே லுஹரும் அஸரும் வந்துவிடுகின்றன. ஷாஃபிஈ மத்ஹபினர் பயணத்தில் இரண்டையும் சேர்த்து, நான்கை இரண்டாகச் சுருக்கித் தொழலாம். ஹனஃபிகள் சுருக்கலாம், சேர்த்துத் தொழுவது அவர்களுக்கு இல்லை. போகும் நாளும் திரும்பும் நாளும் நீங்கலாக ஓரிடத்தில் நான்கு முழு நாட்கள் தங்குவதாக எண்ணினால் ஷாஃபிஈகளுக்கு இச்சலுகைகள் அற்றுப்போகும். ஹனஃபிகளுக்குப் பதினைந்து நாட்கள். பயணத் திட்டம் வகுக்கும் வாப்பாமார் இக்கணக்கையும் பார்ப்பதுண்டா? குல்மர்கில் பள்ளிவாசல் உண்டு. அங்கே ஊர்வாசியான இமாமின் பின்னால் நின்றால் முழுமையாகவே தொழ வேண்டும். உணவைப் பற்றிக் கவலை வேண்டாம். காஷ்மீரத்தாரும் நம்மைப் போலச் சோறுண்பவர்கள். ஹலால் இறைச்சி தேடி அலைய வேண்டியதில்லை. மின்பாத்திரத்தை வீட்டிலேயே விட்டுச் செல்லலாம்.

அடுத்தது பர்தா. பனிமலையில் ஆணும் பெண்ணும் தலைமுதல் கால்வரை மூடியே நிற்கின்றனர். மூடாதவரைக் குளிரே தண்டித்துவிடும்! நம் பெண்கள் கவனிக்க வேண்டியது வேறொன்று. தரையிற் புரளும் புர்காவின் விளிம்பு பனியில் நனைந்து விறைத்துவிடும். தொங்கும் துப்பட்டாவின் முனை இழுவைக் கம்பியிற் சிக்கிக் கழுத்தை இறுக்கக்கூடும். முழங்கால்வரை தளர்ந்த நீண்ட மேலங்கி, அகன்ற கால்சட்டை, முனைகளை உள்ளே செருகிய தலைத்துணி, அதன்மீது தலைக்கவசம் போதும். அந்நிய ஆடவரான பயிற்றுநர் கைபிடிப்பாரே என்று தயங்குவோர், அவர் கோலின் ஒரு முனையையும் தாம் மறுமுனையையும் பற்றிக்கொண்டு பழகலாம். முதல் நாள் கணவரோ அண்ணனோ கற்றுக்கொண்டு, மறுநாள் தம் வீட்டுப் பெண்களுக்குக் கற்பிப்பதும் நன்றே.

ஒரு பயணத்தின்போது நபியவர்கள் உடன் வந்தோரை முன்னே அனுப்பிவிட்டு, ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் வைத்ததும், அதில் அன்னையார் வென்றதும், பின்னொரு காலம் உடல் சதைப்பற்று வைத்தபின் தோற்றதும் நாமறிந்தவையே. மனைவியை மகிழ்விக்க நேரம் ஒதுக்கியதோடு, அவர்களின் நாணத்துக்கு இடையூறு நேராவண்ணம் கூட்டத்தை முன்னே அனுப்பிய அந்த நுட்பத்தையும் காணுங்கள். அதிகாலையில் கூட்டமில்லாத சரிவைத் தேர்ந்து குடும்பத்தோடு இறங்குவது அதைப் போன்றதே.

முதல் நாள் பாடம் எளியது. தாழ்ந்த மலைவெளிச் சரிவுகளே தொடக்கத்துக்கு ஏற்றவை. பலகைகளின் முன்முனைகளை நெருக்கி, பின்முனைகளை விரித்தால் வேகம் குறையும். விழுவதாயின் பக்கவாட்டில் விழ வேண்டும். முப்பத்தைந்து வயதுப் பெண்ணுக்கு இது இயலாததன்று. விழுந்து எழுவதற்கு நாணுவதே பெருந்தடை. அதுவும் இரண்டாவது விழுகையோடு போய்விடும். கற்பிப்போருள் பலர் அடிவார ஊரான தங்மர்கையும் சுற்றுக் கிராமங்களையும் சேர்ந்த முஸ்லிம்கள். நான்கு வயதில் அச்சரிவுகளில் சறுக்கத் தொடங்கிய தங்மர்க் இளைஞர் ஆரிஃப் கான், 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகக் கொடியேந்திச் சென்று, பெருஞ்சறுக்குப் போட்டியில் 45 ஆம் இடம் பெற்றார்.

கம்பிவட ஊர்தியின் முதற்கட்டம் 1998 இலும் இரண்டாம் கட்டம் 2005 இலும் தொடங்கப்பெற்றன. முதற்கட்டம் சுமார் 3,080 மீட்டர்வரை. குடும்பத்துக்கு அது போதும். இரண்டாம் கட்டம் 3,900 மீட்டருக்கும் மேலே செல்கின்றது. காற்று மெலிந்த அவ்வுயரம் இதய நோயாளருக்கும் கருவுற்ற தாய்மாருக்கும் கைக்குழந்தைகளுக்கும் உகந்ததன்று. மேற்சரிவுகளில் பனிப்பாறைச் சரிவும் நேர்வதுண்டு. 2024 பிப்ரவரியில் வெளிநாட்டுச் சறுக்கு வீரர் ஒருவர் அவ்வாறு உயிரிழந்தார். பலத்த காற்றடித்தால் ஊர்தியை நிறுத்திவிடுவார்கள். பணம் கட்டினோமே என்று சினக்க வேண்டாம். 2017 ஜூனில் காற்றில் வேரோடு சாய்ந்த மரம் கம்பிவடத்தில் மோதி, எழுவர் மாண்டனர்.

அறைக்குள்ளும் ஓர் ஆபத்துண்டு. அங்கே அறையைச் சூடேற்றும் அடுப்புக்குப் 'புகாரி' என்று பெயர். நமக்கோ நபிமொழித் தொகுப்பு நினைவுக்கு வரும். சென்னைவாசிகளுக்கு அண்ணா சாலைப் பிரியாணி! கரியோ எரிவாயுவோ எரியும் அடுப்பை, சன்னலெல்லாம் அடைத்துக்கொண்டு இரவு முழுதும் எரியவிடக்கூடாது. 2025 ஜனவரியில் ஸ்ரீநகரில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த ஐவர் இவ்வாறு மூச்சடைத்து இறந்தனர்.

சறுக்குவண்டியைப் பற்றிச் சொல்லாமலிருக்க முடியவில்லை. மரப்பலகையில் பயணியை அமர்த்தி, கயிற்றைத் தோளிலிட்டு மேட்டில் இழுத்துச் செல்லும் தொழிலாளர் அங்கே பலர். குழந்தைக்குச் சரி; நடக்க வல்ல பெரியவர் ஏறி அமர்வதை என் மனம் ஏற்கவில்லை. ஏறினால் கூலியை முன்கூட்டிப் பேசி, வியர்வை உலருமுன் கொடுத்துவிடுங்கள். விமான நிலையத்துக் காப்பிக்கு வாய் திறவாது பணம் தரும் நாம், பனியில் நிற்பவனிடம் ஐம்பது ரூபாய்க்கு வழக்காடுகிறோம்!

இத்தொழிலாளரின் வருவாய் எவ்வளவு நிலையற்றது என்பதை 2025 ஏப்ரல் 22 காட்டியது. பஹல்காமில் 26 உயிர்கள் கொல்லப்பட்ட அக்கொடுமையில், பயணிகளைக் காக்க முயன்ற உள்ளூர் முஸ்லிம் குதிரைக்காரர் ஒருவரும் மாண்டார். அதன்பின் பல இடங்கள் மூடப்பட்டன; விடுதிகள் வெறிச்சோடின. அஞ்சிப் போகாதிருப்போரைக் குறைகூற இயலாது. போவோர் அரசின் அறிவிப்பைப் பார்த்துப் போகட்டும். 2025 ஜூன் முதல் கட்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு நேரடி இரயில் ஓடுகின்றது. கன்னியாகுமரியிலிருந்து கட்ராவுக்கு ஹிம்சாகர் விரைவு வண்டி உண்டு. விமானக் கட்டணம் எட்டாத குடும்பத்துக்கும், நெடும்பயணத்தைப் பொறுத்துக்கொண்டால், வழியிருக்கிறது. வட்டிக்குக் கடன் வாங்கிச் செல்வதைவிட ஓராண்டு காத்திருந்து சேமித்துச் செல்லலாம்.

போய்ச் சேர்ந்ததும், பலகையும் பாதணியும் வாடகைக்குத் தரும் கடையில், எத்தனை பேர், கால் அளவு என்ன என்று கேட்பார்கள். உம்மாவின் கால் அளவு வாப்பாவுக்குத் தெரிந்திருப்பது அரிது. இப்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கேட்கும்போதே அவர்களுக்குச் செய்தி விளங்கிவிடும்.