கணினி விளையாட்டில் வந்த போரும் கைபேசியில் வந்த போரும்

2025 மே மாதத்தில் இந்தியாவும் பாகிஸ்தானும் நான்கு நாட்கள் மோதிக்கொண்டபோது, போர் விமானங்கள் சுட்டு வீழ்த்தப்படும் காணொளிகள் வட்ஸ்அப் குழுமங்களில் வந்து குவிந்தன. அவற்றில் சில போர்க்களத்தில் எடுக்கப்பட்டவை அல்ல. ஆர்மா 3 என்ற கணினி விளையாட்டை யாரோ ஒருவர் வீட்டிலிருந்து விளையாடியபோது பதிவு செய்தவை. 2022இல் உக்ரேன் போரிலும், 2023இல் காஸா போரிலும் இதே விளையாட்டின் காட்சிகள் உண்மைப் போராகச் சுற்றின.

தொழில்நுட்பச் செய்திகளைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு இது ஒரு வேடிக்கையான தகவல். போருக்குள் வாழ்ந்து வந்த எங்களுக்கு அது அப்படி இருக்க முடியாது என்பதுதான் என் வாதம்.

ஆர்மா 3 விளையாட்டை வெளியிட்டது செக் குடியரசின் பொஹீமியா இன்டரக்டிவ் நிறுவனம். அது 2013இல் வந்தது. பத்து ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழைய விளையாட்டு இன்றும் போலிச் செய்திக்குப் பயன்படுவதற்குக் காரணம் உண்டு. அதை விளையாடுபவர்கள் தாங்களே புதிய விமானங்களையும் சீருடைகளையும் நிலப்பரப்புகளையும் உருவாக்கி அதில் சேர்த்துக்கொள்ளலாம். எந்த நாட்டுப் போரையும் அதற்குள் அரங்கேற்றலாம்.

தங்கள் விளையாட்டு இப்படிப் பயன்படுத்தப்படுவதைப் பார்த்த அந்த நிறுவனம் 2022 நவம்பரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. போலியை அடையாளம் காணச் சில குறிப்புகளை அது தந்தது. படத்தின் தரம் மிகக் குறைவாக இருக்கும். கமரா ஆடிக்கொண்டிருக்கும். பெரும்பாலும் இருட்டில் நடக்கும். பல நேரங்களில் ஒலி இருக்காது. நடமாடும் மனிதர்களைக் காண்பது அரிது.

இந்தக் குறிப்புகளை முதல் தடவை வாசித்தபோது எனக்கு நினைவு வந்தது எங்கள் காணொளிகள்தான். 2009இல் வன்னியிலிருந்து வெளியே வந்த படங்களும் தரம் குறைந்தவைதான். எடுத்தவரின் கை நடுங்கியது. பழைய கைபேசியில் பதிவானவை, பல கைகள் மாறியபின் வந்து சேர்ந்தவை. போலி ஒன்று தன்னை மறைத்துக்கொள்ள அணியும் உடை, எங்கள் உண்மைக்கு இயல்பாகவே இருந்த உடை. அதனால் வெறும் கண்ணால் பார்த்து உண்மையையும் பொய்யையும் பிரிக்கலாம் என்ற நம்பிக்கையை நாங்கள் முதலில் கைவிட வேண்டும்.

அந்தக் காணொளிகளுக்கு என்ன நடந்தது என்பதைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம். 2009 ஓகஸ்ட் 25ஆம் திகதி பிரித்தானியாவின் சனல் 4 தொலைக்காட்சி, கட்டப்பட்ட ஆண்கள் சுட்டுக் கொல்லப்படும் காட்சியை ஒளிபரப்பியது. அது புனையப்பட்டது என்று இலங்கை அரசாங்கம் அறிவித்தது. அரசாங்கத் தரப்பு நிபுணர்கள், காட்சியும் ஒலியும் பொருந்தவில்லை என்றனர். அப்போது ஐ.நா.வின் சட்டத்துக்குப் புறம்பான கொலைகள் தொடர்பான விசேட அறிக்கையாளராக இருந்த பிலிப் அல்ஸ்ரன், துப்பாக்கி, தடயவியல் மருத்துவம், காணொளி ஆகிய துறைகளில் மூன்று சுயாதீன நிபுணர்களிடம் அதைக் கொடுத்தார். 2010 ஜனவரியில் அவர் முடிவை வெளியிட்டார். துப்பாக்கியின் பின்னுதைப்பும் உடல்கள் விழுந்த விதமும் உண்மையான சூட்டுடன் ஒத்துப்போயின. வெட்டி ஒட்டியதற்கான அடையாளம் இல்லை. விளக்கம் கிடைக்காத சில விடயங்களும் இருந்தன. அவற்றையும் அவர் மறைக்காமல் எழுதினார். அவருக்குப் பின் வந்த கிறிஸ்ரொஃப் ஹெய்ன்ஸ், நீளமான மற்றொரு பிரதியை ஆராயச் செய்து 2011இல் அதே முடிவுக்கு வந்தார்.

அதே 2011ஆம் ஆண்டில் பிரித்தானியத் தொலைக்காட்சியில் நடந்த இரண்டு விடயங்களை நான் அருகருகே வைத்துப் பார்ப்பதுண்டு.

ஜூன் 14ஆம் திகதி சனல் 4, ‘இலங்கையின் கொலைக்களங்கள்’ ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. அதற்கு எதிராக 118 முறைப்பாடுகள் ஒளிபரப்பு ஒழுங்குபடுத்தும் அமைப்பான ஒஃப்கொம்முக்குச் சென்றன. அது விசாரித்து, விதிகள் மீறப்படவில்லை என்று ஒக்டோபரில் தீர்த்தது.

செப்டெம்பரில் ஐரிவி தொலைக்காட்சி, கடாபிக்கும் ஐ.ஆர்.ஏ. அமைப்புக்கும் இருந்த தொடர்பு பற்றிய ஆவணப்படம் ஒன்றை ஒளிபரப்பியது. 1988இல் ஐ.ஆர்.ஏ. ஒரு ஹெலிகொப்டரைத் தாக்கும் காட்சி என்று அதில் காட்டப்பட்டது ஆர்மா 2 விளையாட்டிலிருந்து எடுக்கப்பட்டது. விளையாட்டு இரசிகர்கள்தான் அதைக் கண்டுபிடித்தார்கள். அது பார்வையாளரைத் தவறாக வழிநடத்தியது என்று 2012 ஜனவரியில் ஒஃப்கொம் தீர்ப்பளித்தது.

பெரிய நிறுவனம், நல்ல தரமான காட்சி, அனுபவமுள்ள தயாரிப்பாளர்கள் எல்லாம் இருந்தும் ஐரிவியின் காட்சி பொய். கலங்கிய, நடுங்கிய எங்கள் காட்சி சோதனையில் நின்றது. இரண்டையும் பிரித்தது ஒரே கேள்விதான்: இது எங்கிருந்து வந்தது, அதைக் காட்ட முடியுமா?

இன்று அந்தக் கேள்வி இன்னும் கடினமாகிவிட்டது. ஆர்மாவில் ஒரு காட்சியை உருவாக்கக் கொஞ்சம் திறமையாவது வேண்டும். செயற்கை நுண்ணறிவுக்கு ஒரு வரி எழுதினால் போதும். 2025இல் யாழ்ப்பாணம் செம்மணி, சித்துப்பாத்தி மயானத்தில் அகழ்வு நடந்துகொண்டிருந்த மாதங்களில், தாயும் பிள்ளையும் அணைத்தபடி கிடக்கும் எலும்புக்கூடுகள் என்று படங்கள் என் கைபேசிக்கும் வந்தன. விரல் எலும்புகளின் எண்ணிக்கையே பிழையாக இருந்த படங்கள் அவற்றில் இருந்தன. பகிர்ந்தவர்கள் எங்கள் ஆட்கள்தான். கெட்ட நோக்கம் எதுவும் அவர்களுக்கு இல்லை.

“நடந்ததைத்தானே காட்டுகிறது, அதில் என்ன பிழை?” என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. ஓர் ஓவியர் செம்மணியை வரைந்தால் அதைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் ஓவியம் தன்னை ஓவியம் என்று சொல்லிக்கொண்டு வருகிறது. இந்தப் படங்கள் புகைப்படம்போல வேடமிட்டு வருகின்றன. அந்த மயானத்தில் நீதிமன்ற மேற்பார்வையில் தூரிகையால் மண் விலக்கி எடுக்கப்பட்ட எலும்புகளும், நீல நிறப் புத்தகப் பையும், விளையாட்டுப் பொம்மையும் இருக்கின்றன. அவற்றுக்கு அருகில் ஒரு போலிப் படத்தை வைத்தால், மறுக்கக் காத்திருப்பவருக்கு நாங்களே சாட்டு எடுத்துக் கொடுக்கிறோம். ஒன்று போலி என்று காட்டியபின் எல்லாமே போலி என்று சொல்வது சுலபம்.

அமெரிக்கச் சட்ட அறிஞர்களான பொபி செஸ்னியும் டானியல் சிற்ரனும் இதற்குப் ‘பொய்யருக்குக் கிடைக்கும் இலாபம்’ என்ற பொருளில் ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். போலிகள் பெருகப் பெருக, குற்றம் செய்தவர் தனக்கெதிரான உண்மையான ஆதாரத்தையும் போலி என்று சொல்லித் தப்பலாம். அவர்கள் அதைக் கோட்பாடாக எழுதியதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பே நாங்கள் அதை அனுபவித்துவிட்டோம்.

எனவே ஆதாரத்தைப் பாதுகாப்பது நிபுணர்களின் வேலை மட்டுமல்ல. ஐ.நா. மனித உரிமைகள் அலுவலகமும் கலிபோர்னியாவின் பேர்க்லி பல்கலைக்கழகமும் 2020இல் வெளியிட்ட பேர்க்லி நெறிமுறை, இணையத்தில் கிடைக்கும் ஆதாரங்களை எப்படிச் சேகரித்துப் பேண வேண்டும் என்று சொல்கிறது. அந்த வழியில் வீட்டிலிருந்தே செய்யக்கூடியவை சில உண்டு. பழைய கைபேசியோ மெமரி கார்ட்டோ இருந்தால் எறியவோ அழிக்கவோ வேண்டாம். மூலக் கோப்பை வெட்டாமல், பெயர் மாற்றாமல், பாட்டுச் சேர்க்காமல் வைத்திருந்து, பிரதியை மட்டும் கையாளுங்கள். வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்குவதோடு, எடுத்த நேரம், இடம் போன்ற விபரங்களையும் இழக்கும். கோப்பாக அனுப்பினால் அவை தங்கும். யார், எப்போது, எங்கே எடுத்தார்கள், யாரிடமிருந்து உங்களுக்கு வந்தது என்பதை ஒரு தாளில் எழுதி வையுங்கள். கணினி தெரிந்தவர்கள் அந்தக் கோப்புக்கு ‘ஹாஷ்’ எண்ணை எடுத்து வைக்கலாம். அது கைரேகை மாதிரி. கோப்பில் ஒரு புள்ளி மாறினாலும் எண் மாறிவிடும்.

யூரியூப்பிலோ முகநூலிலோ ஏற்றிவிட்டோம், அங்கே இருக்கும் என்றும் நம்ப வேண்டாம். 2017இல் யூரியூப்பின் தானியங்கி வடிகட்டிகள் சிரியப் போரைப் பதிவு செய்த பெருந்தொகைக் காணொளிகளை வன்முறைக் காட்சிகள் என்று கருதி நீக்கின. சில திரும்பி வந்தன. எல்லாம் வரவில்லை.

இதையெல்லாம் வாசிக்கும் ஒரு தாய், “உண்மை என்று நிரூபித்த காணொளிக்கே நீதி கிடைக்கவில்லையே, பிறகு எதற்கு?” என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்குத் தொழில்நுட்பத்திடம் விடையில்லை. அல்ஸ்ரனும் ஹெய்ன்ஸும் சொன்னபின்னும் அந்தக் காணொளியில் துப்பாக்கி பிடித்திருந்தவர்கள் யாரும் நீதிமன்றத்துக்கு வரவில்லை. ஆயினும் ஒன்று மாறியது. 2009இல் புனைவு என்று முழுதாக மறுத்த அரசு தானே அமைத்த கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு, 2011இல் அந்தக் காணொளி பற்றி விசாரணை தேவை என்றது. 2015இல் பரணகம ஆணைக்குழு, நீதிபதி தலைமையிலான விசாரணைக்கு அது போதுமானது என்றது. மறுப்பு ஓரடி பின்வாங்கியதற்குக் காரணம், யாரோ ஒருவர் மூலப் பிரதியை அழிக்காமல் வெளியே கொண்டு வந்ததுதான்.

2021இல் ஐ.நா. மனித உரிமைகள் பேரவையின் தீர்மானத்தின்படி, எதிர்கால வழக்குகளுக்காக இலங்கை தொடர்பான ஆதாரங்களைச் சேகரிக்கும் பொறிமுறை ஒன்று ஜெனீவாவில் இயங்குகிறது. அது எங்கே போய் முடியும் என்பது அரசியல். அதற்குள் போகும் படம் உண்மையானதா என்பது எங்கள் கையில் இருக்கிறது. அடுத்த முறை மனதை உலுக்கும் ஒரு படம் கைபேசிக்கு வரும்போது, முன்னே தள்ளிவிடுவதற்கு முன் அனுப்பியவரிடம் கேளுங்கள்: “இது உங்களுக்கு எங்கிருந்து வந்தது?”