உழுவதா, விடுவதா? மண்ணைக் கேளுங்கள்!

ஒரு தலைமுறைக்கு முன்பு நம் உழவனிடம் "ஏரை விடு, உழுபொறி கொண்டு ஆழ உழு" என்றார்கள். இன்றோ "உழவே வேண்டா, உழாமல் விதை" என்று ஒரு புதுமுழக்கம் கேட்கின்றது. இரண்டும் வெளியிலிருந்து வந்தவை. இரண்டும் நம் மண்ணை வினவாமல் எழுந்தவை.

அரியானாவிலும் பஞ்சாபிலும் நெல்லறுத்த வயலில் உழாமல் கோதுமை விதைத்தது பயனளித்தது மெய்யே. விதைப்பு முந்திற்று, செலவும் களையும் குறைந்தன. ஆனால் அங்குக் கால்வாய் நீர் உண்டு. சப்பானிய உழவர் மசனோபு புகோகாவோ (அவர்தம் நூல் 1975-இல் வெளிவந்தது) வைக்கோலை முழுதும் வயலுக்கே திருப்பியவர். பெரம்பலூரில் சோளத்தட்டை மாட்டுக்குப் போகின்றது. பருத்திமார் அடுப்புக்குப் போகின்றது. மூடாக்குக்கு எஞ்சுவது யாது?

குன்னம், வேப்பந்தட்டைப் பக்கத்துக் கரிசலைப் பாருங்கள். கோடையில் வெடித்து, மேல்மண் உதிர்ந்து வெடிப்புக்குள் விழ, தன்னைத் தானே புரட்டிக்கொள்ளும் மண் அது. ஆகவே மிகையுழவு அதற்கு வேண்டுவதில்லை. ஆயினும் 2018-இல் கருநாடகத்தில் முதன்முதல் காணப்பட்ட அமெரிக்கப் படைப்புழு, அவ்வாண்டே பெரம்பலூர் மக்காச்சோளத்தைச் சூறையாடியதை எவர் மறப்பர்? அதன் கூட்டுப்புழு மண்ணுக்குள்தான் உறங்குகின்றது. ஆழ உழுது அதனை வெயிலுக்கும் பறவைக்கும் காட்டுக என்பது வேளாண் துறையின் பரிந்துரை. அந்நிலத்தில் போய் 'உழாதே' என்பது புழுவுக்குப் புகலிடம் தருவதேயாம். கரிசலை ஈரத்தில் உழுதால் அடிமண் இறுகும். காய்ந்தபின் உழுதால் கட்டிகட்டியாய்ப் பெயரும். இடைப்பட்ட பதம் சில நாள்களே. அப்பதத்தைக் காலால் மிதித்தறிந்த உழவன், இன்று கூலிக்கு வரும் உழுபொறியின் முறைக்குக் காத்திருந்து பதத்தையே தவறவிடுகின்றான்!

செயங்கொண்டம், ஆண்டிமடம், செந்துறைச் செம்மண்ணின் இயல்பு வேறு. மழையடித்ததும் மேலே ஓடு கட்டும். நீர் உட்புகாது ஓடிவிடும். மூடாக்கின்றி உழாமல் விட்டால் மழை முழுதும் ஓடையைத்தான் சேரும். உழுதாலும், கிளறிய மண் சில மழைக்குள் மீண்டும் இறுகும். ஐதராபாத்தை அடுத்த பட்டஞ்செருவில் செம்மண்ணில் நிகழ்ந்த ஆய்வுகள் ஓடுநீரைத் தடுப்பதில் வைக்கோல் மூடாக்கின் சிறப்பைக் காட்டின. முந்திரித் தோப்பிலோ சருகே மூடாக்கு. அதனைக் கூட்டிக் கொளுத்திவிட்டு உழுவது பேதைமை. அடியில் கடினத் தட்டுள்ள நிலத்துக்கு மூன்றாண்டுக்கு ஒருமுறை உளிக்கலப்பை போதும்.

இனிக் கொள்ளிடக் கரைக்கு வருவோம். திருமானூர், தா.பழூர் வண்டலில், காவிரிச் சமவெளி எங்கணும் போலவே, நெல்லறுப்புக்கு ஒரு கிழமை முன்னரே நிற்கும் தாளூடே உளுந்தும் பயறும் தெளிப்பது வழக்கம். ஏர் தொடுவதில்லை, எஞ்சிய ஈரமே விளைவிக்கும். உழாப் பயிரீட்டை நமக்குக் கற்பிக்க வருவோர் இதனை அறிவரோ? இன்று அறுவடைப் பொறியின் உருளைகள் அம்முளைகளை நசுக்குவதால் அவ்வழக்கமும் தேய்கின்றது.

உழவு அதிகாரத்தில் வள்ளுவர், ஒரு பலப் புழுதி கால் பலமாகக் காயவிட்டால் பிடி எருவும் வேண்டா என்றார். அடுத்த குறளிலேயே உழுவதினும் எருவிடல் நன்று என்றார். மாறிப் பேசினாரல்லர், நிலமறிந்து பேசினார்.

வேளாண் அறிவியல் நிலையங்களுள் முதலாவது 1974-இல் புதுச்சேரியில், கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் தோன்றியது. தமிழ் மண்ணில் பிறந்த அமைப்புக்கு வடமொழிப் பெயர்! ஊரார் நாவிலோ அப்பெயரின் மூன்றெழுத்து ஆங்கிலச் சுருக்கம். பெயரே இவ்வாறெனின் கரிசல், செவ்வல், வண்டல், களர் என்னும் சொற்களுக்கு அறிவுரைத் தாள்களில் இடம் எங்கே? 2015-இல் தொடங்கிய மண்வள அட்டை பன்னிரண்டு கூறுகளைச் சொல்கின்றது. அந்நிலத்தை எப்போது, எவ்வளவு ஆழம் உழலாம், உழாமலே விடலாமா என ஒரு வரியும் சொல்வதில்லை. வாலிகண்டபுரம், சோழமாதேவி நிலையங்களும் வேப்பந்தட்டைப் பருத்தி ஆராய்ச்சி நிலையமும் அவ்வொரு வரியை, அவ்வவ்வூர் உழவர் வாய்ச்சொல்லாலேயே, வரும் சித்திரைக்கு முன்னர் எழுதித் தருதல் வேண்டும்.