ஆற்றின் நடுவே அருள்

துக்க வீடுகளில் நாம் அடிக்கடி கேட்கும் சொல் ஒன்று உண்டு: "சிரித்த முகத்தோடு போனார்; அவருடைய விசுவாசம் அப்படிப்பட்டது." சொல்பவர் ஆறுதலாகத்தான் சொல்கிறார். ஆனால் அச்சொல்லுக்கு ஒரு மறுபக்கம் இருக்கிறது. அஞ்சி, அழுது, நடுங்கிப் போனவரின் விசுவாசம் எப்படிப்பட்டது?

நாம் நன்கறிந்த மூதாட்டி ஒருவர், ஐம்பது ஆண்டுகள் ஞாயிறு ஆராதனை தவறாதவர், தம் இறுதி வாரத்தில் இரவில் விளக்கை அணைக்க விடவில்லை. "பயமாயிருக்கிறது, கையைப் பிடித்துக்கொள்" என்று மகளிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். பார்க்க வந்த சபையார் சிலர், இத்தனை காலம் வேதம் வாசித்தும் இப்படியா என்று வாசலில் நின்று தாழ்குரலில் பேசிக்கொண்டனர். அது மகளின் செவியில் விழுந்தது. தாயின் பிரிவைக் காட்டிலும் அந்தப் பேச்சே அவரை நெடுநாள் வருத்தியது. அப்பேச்சு பிழையானது என்பதே நம் கருத்து.

ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட 'மோட்ச பிரயாண'த்தின் இறுதிக் காட்சியை நினைவுகூர்வோம். எச்.ஏ. கிருஷ்ண பிள்ளை 'இரட்சணிய யாத்திரிகம்' இயற்றுவதற்கு வழிநூலாகக் கொண்டது இதுவே. மோட்ச நகரத்துக்கு முன்னால் ஓர் ஆறு ஓடுகிறது. அதற்குப் பாலம் இல்லை. வழியில் அப்பொல்லியோன் என்னும் அரக்கனையே எதிர்த்துப் போரிட்ட கிறிஸ்தியான், இந்த ஆற்றில் இறங்கியதும் மூழ்கத் தொடங்குகிறான். இருள் சூழ்கிறது. பழைய பாவங்களெல்லாம் நினைவில் எழுகின்றன. கரை சேரமாட்டேன் என்று அரற்றுகிறான். நம்பிக்கை என்னும் பெயருடைய தோழன்தான் அவன் தலையை நீருக்கு மேலே தாங்கிப் பிடிக்கிறான். தன் காலுக்குத் தரை தட்டுப்படுவதையும் சொல்லித் தேற்றுகிறான். கிறிஸ்தியான் கரையேறுகிறான்; நகரத்தின் வாயிலும் அவனுக்குத் திறக்கிறது.

அதே ஆற்றை அறிவீனன் என்பவனும் கடக்கிறான். வீண்நம்பிக்கை என்னும் ஓடக்காரன் அவனை வருத்தமின்றி அக்கரை சேர்க்கிறான். ஆனால் வாயிலில் அவனுக்கு இடம் இல்லை. எளிதாகக் கடந்தவன் புறம்பே நிற்க, மூழ்கித் தத்தளித்தவன் உள்ளே போகிறான். மரணப் படுக்கையின் அமைதியைக் கொண்டு ஒருவருடைய விசுவாசத்தை அளக்கலாகாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

பனியன் இதைத் தம் அனுபவத்திலிருந்தே எழுதினார் என்று கொள்ள இடமுண்டு. அனுமதியின்றிப் பிரசங்கித்த குற்றத்துக்காக 1660இல் பெட்ஃபோர்டு சிறையில் அடைக்கப்பட்டுப் பன்னிரண்டு ஆண்டுகள் இருந்தவர் அவர். தூக்குமேடை ஏற நேர்ந்தால் முகம் வெளிறி முழங்கால் தள்ளாடுமே, பகைவர் நகைப்பரே என்று அஞ்சியதை 1666இல் வெளிவந்த தம் தன்வரலாற்றில் ஒளிக்காமல் எழுதியிருக்கிறார்.

இன்னும் மேலே போனால், கெத்செமனே தோட்டத்தில் இயேசுவே வியாகுலப்பட்டு, அந்தப் பாத்திரம் தம்மைவிட்டு நீங்க வேண்டுமென்று மன்றாடினார். அவரோடு சிலுவையில் தொங்கிய கள்ளனிடம் காட்டுவதற்கு ஒரு நற்செயலும் இல்லை. தன்னை நினைத்தருள வேண்டும் என்ற ஒரு விண்ணப்பம் மட்டுமே இருந்தது. அது போதுமானதாயிற்று. அருள் என்பது இதுதான். அது நம் மனஉறுதிக்குக் கிடைக்கும் கூலி அன்று.

கிருஷ்ண பிள்ளை 1827இல் வைணவக் குடும்பத்தில் பிறந்து 1858இல் கிறித்தவரானவர். அவர் பிறந்த மரபிலும் இவ்வுண்மைக்கு நெருங்கிய குரல் கேட்கிறது. இறுதி வேளையில் நினைக்க இயலாது போகும் என்றுணர்ந்து, பெரியாழ்வார் அரங்கனிடம் முன்கூட்டியே விண்ணப்பித்து வைக்கிறார். தென்கலையார் சொல்லும் மார்ச்சார நியாயத்தில் குட்டி தாயைப் பற்றுவதில்லை. தாய்ப்பூனைதான் குட்டியைக் கவ்விச் செல்கிறது. இரு சமயங்களும் ஒன்றே என்று நாம் சொல்லவில்லை; கிறித்தவருக்கு அருளின் ஆதாரம் கிறிஸ்துவின் மரணமும் உயிர்த்தெழுதலுமே. ஆயினும் பற்றுகிறவனின் கை தளரும், பற்றப்பட்டவன் நழுவான் என்னும் தெளிவு இரண்டிலும் உண்டு.

அப்படியானால் அமைதியாக மரித்தவர்களின் சாட்சி வீணா என்று கேட்கலாம். வீணன்று. கல்லெறியுண்ட ஸ்தேவான் தம்மைக் கொல்கிறவர்களுக்காக வேண்டிக்கொண்டே கண்மூடினார். அத்தகைய அமைதி ஒரு வரம். வரத்தை அளவுகோலாக்குவதே பிழை. நோயின் கடுமையும் மூச்சுத் திணறலும் மருந்தின் மயக்கமும் எவரையும் கலங்கச் செய்யும். அக்கலக்கத்தை ஆண்டவர் அறிவார்; வாசலில் நிற்பவர்கள் அறியார்.

மரிக்கிறவர் அருகில் நாம் செய்யத்தக்கது, அவருடைய விசுவாசத்தைச் சோதிப்பதன்று. அவரால் இயலாதபோது அவருக்காக நாம் விசுவசிக்கலாம். தலையைத் தாங்கிப் பிடிக்கலாம். அந்த மகள் ஏழு இரவுகள் தாயின் கையை விடவில்லை. அவ்வீட்டில் அருள் எங்கே இருந்தது என்று எவரேனும் கேட்டால், நாம் அந்தக் கையைத்தான் காட்டுவோம்.