சுண்ணாம்பு தடவாத கலயம்

தமிழ்நாட்டில் 1987 ஜனவரி 1 முதல் கள் இறக்கவும் விற்கவும் தடை இருக்கிறது. அதற்குப் பிறகு ஆட்சிகள் பலமுறை மாறின. தடைக்குச் சொல்லப்படும் காரணம் மட்டும் மாறவில்லை. கள்ளில் கலப்படம் செய்வது எளிது, அதைக் கண்காணிக்க முடியாது, அதனால் உயிர் போகும். உரிமம் பெற்ற ஆலையில் தயாராகி, முத்திரை ஒட்டி, அரசின் டாஸ்மாக் கடையில் விற்கப்படும் மதுவோ சோதனைக்கு உட்பட்டது. ஆகவே கள்ளை மூடிவிட்டு டாஸ்மாக்கைத் திறந்துவைத்திருப்பது மக்களின் உயிரைக் காக்கும் ஏற்பாடு என்கிறார்கள். கேட்பதற்கு ஒழுங்காக இருக்கும் இந்த வாதத்தின் ஒவ்வொரு கண்ணியும் தனித்தனியே பலவீனமானது.

கலப்படத்தை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் அதில் உண்மை இருக்கிறது. கேரளத்தின் மலப்புறம் மாவட்டத்தில் 2010-இல் மெத்தனால் கலந்த கள்ளைக் குடித்து 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தெலங்கானாவில் கள்ளில் குளோரல் ஹைட்ரேட், அல்பிரசோலம் போன்ற மயக்க மருந்துகளைக் கலப்பது இன்றும் தீராத நோய். இதை மறைத்துவிட்டுக் கள்ளுக்காகப் பேசுவது நேர்மையாகாது. ஆனால் கலப்படம் எந்த இடத்தில் நுழைகிறது என்று பார்க்க வேண்டும். பாலக்காட்டின் சித்தூர்ப் பகுதித் தோப்புகளில் இறக்கும் கள் வண்டியேறிக் கேரளத்தின் தொலைதூர மாவட்டங்களுக்குப் போகிறது. ஏலம் எடுத்த கடைக்காரருக்கு நாள்தோறும் இத்தனை லிட்டர் விற்றாக வேண்டும் என்ற நெருக்கடி. மரம் தருவது குறைந்தால் தண்ணீர் சேர்கிறது. தண்ணீரால் குறைந்த போதையை ஈடுகட்ட மருந்து சேர்கிறது. தன் பெயரும் முகமும் ஊருக்குத் தெரிந்த பனையேறி, காலையில் இறக்கியதை அந்த ஊரிலேயே விற்கும்போது இந்தக் கணக்குக்கு இடமே இல்லை. குற்றம் மரத்தடியில் நடப்பதில்லை, மரத்துக்கும் குடிப்பவருக்கும் இடையே நீளும் தூரத்தில்தான் நடக்கிறது. அந்தத் தூரத்தைக் குறைக்கும் விதிகளை எழுதலாம். மரத்தையே குற்றவாளியாக்கியது தவறான தீர்ப்பு.

உரிமம் பெற்ற மது உயிரைக் காக்கிறது என்ற அடுத்த கண்ணியைச் சோதிக்க நெடுந்தூரம் போக வேண்டாம். 2023 மே மாதம் மரக்காணம் பகுதியிலும் செங்கல்பட்டு மாவட்டத்திலுமாக 20-க்கும் மேற்பட்டோர் கள்ளச்சாராயத்தால் இறந்தார்கள். மறு ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் 60-க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. இரண்டிலும் கொன்றது மெத்தனால். தொழிற்சாலைப் பயன்பாட்டுக்கானது அது, எந்தப் பாளையிலிருந்தும் சொட்டியதில்லை. மாநிலமெங்கும் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட அரசு மதுக்கடைகள் திறந்திருந்த காலத்தில்தான் இந்தச் சாவுகள் நேர்ந்தன. இறந்தவர்களில் பெரும்பாலோர் கூலித் தொழிலாளர்கள். ஒரு குவார்ட்டரின் விலை நாள் கூலியில் பெரும்பங்கைத் தின்றுவிடும்போது, அதில் பாதிக்கும் குறைவான விலையில் கிடைக்கும் கள்ளச்சாராயப் பாக்கெட்டை நோக்கிக் கை நீள்கிறது. டாஸ்மாக்கின் சோதனையும் முத்திரையும் அந்த விலையைக் கொடுக்க முடிந்தவருக்கு மட்டுமே காவல். வரி ஏற ஏற, காவலுக்கு வெளியே நிற்பவர்களின் எண்ணிக்கையும் ஏறுகிறது.

கள் போதை தருகிறது என்பதும் காரணமாகச் சொல்லப்படுகிறது. தருகிறது, மறுக்கவில்லை. கள் உணவு, கள் மருந்து என்று அடித்துப் பேசும் கள் ஆதரவாளர்களோடு எனக்கு இதில் உடன்பாடில்லை. ஆனால் அளவைப் பாருங்கள். ஆலை பிராந்தியில் ஆல்கஹால் 42.8 சதவீதம், 180 மில்லி குவார்ட்டர் ஒன்றில் ஏறத்தாழ 77 மில்லி. 5 சதவீத ஆல்கஹால் உள்ள புளித்த கள்ளில் அதே அளவு உடலுக்குள் போக ஒன்றரை லிட்டர் குடிக்க வேண்டும். கேரள விதி தென்னங்கள்ளுக்கு 8.1 சதவீத உச்சவரம்பு வைத்திருந்தது. டாஸ்மாக் விற்கும் ஸ்ட்ராங் பீரும் 8 சதவீதம் வரை போகும். ஒரே அளவு போதை புட்டியில் இருந்தால் வணிகம், கலயத்தில் இருந்தால் குற்றம் என்பதற்கு உடல்நலக் காரணம் எதையும் காட்ட முடியாது.

வேறு காரணம் இருக்கிறது என்பது என் கணிப்பு. 1983-இல் மொத்த விற்பனைக்காகத் தொடங்கிய டாஸ்மாக் 2003-இல் சில்லறை விற்பனையையும் கையில் எடுத்தது. 2023-24-இல் அதன் வழியாக அரசுக்கு வந்த வருவாய் 45,800 கோடி ரூபாயைத் தாண்டியது. விரல்விட்டு எண்ணக்கூடிய ஆலைகள்; புட்டி வாசலைத் தாண்டும்போதே ஆயத்தீர்வை; பிறகு கிடங்கு, கடை, மதிப்புக் கூட்டு வரி. இந்த இயந்திரத்துக்குள் கள்ளை நுழைக்க முடியாது. காலையில் இறக்கியது மாலைக்குள் புளித்துக் கடுத்துவிடும். கிடங்கில் அடுக்கவோ ஆறு மாதம் வைத்து விற்கவோ வழியில்லை. கோடிக்கணக்கான மரங்களின் கீழே வரி அலுவலர்களை நிறுத்தவும் இயலாது. 'கண்காணிக்க முடியாது' என்பதைக் கொஞ்சம் உற்றுக் கேட்டால் 'வசூலிக்க முடியாது' என்றே காதில் விழுகிறது.

ராஜாஜியும் காந்தியரும் கள்ளை எதிர்த்தார்களே என்று கேட்பவர்கள் உண்டு. 1937-இல் சேலம் மாவட்டத்தில் ராஜாஜி கொண்டுவந்தது எல்லா மதுவுக்குமான விலக்கு. இழந்த வருவாய்க்கு ஈடாக 1939-இல் விற்பனை வரியைப் போட்டார். மது வருமானத்தைப் பெருக்கிக்கொண்டே அவர் பெயரைக் கள்ளுக்கு எதிராக மட்டும் சொல்வது அவருக்கே அநீதி. பதநீர் இருக்கிறதே, 2017 முதல் புளிக்காத தென்னஞ்சாறான நீராவுக்கும் அனுமதி தந்தாயிற்றே என்பது இன்னொரு பதில். பதநீரையும் கள்ளையும் பிரிப்பது சாறு புளிக்காமலிருக்கக் கலயத்தின் உட்புறம் தடவும் சுண்ணாம்பு. அதைத் தடவினால் மரமேறுபவர் விவசாயி, தடவாவிட்டால் மதுவிலக்குச் சட்டத்தில் கைதி. பொள்ளாச்சித் தென்னை விவசாயி எல்லைக்கு அப்பால் சித்தூரில் அதே பாளை சட்டப்படி சீவப்படுவதைத் தினமும் பார்க்கிறார்.

மிஞ்சுவது ஒரே ஓர் எதிர்ப்பு. அதற்கு வலு உண்டு. புதிதாக இன்னொரு மதுவைத் திறந்தால் குடிப்பவர் எண்ணிக்கை கூடாதா? டாஸ்மாக் கடைகளை அப்படியே வைத்துக்கொண்டு கள்ளுக்கடைகளையும் சேர்த்தால் நிச்சயம் கூடும். அதனால் கள் அனுமதி பிராந்திக் கடையின் இடத்தில் வர வேண்டும், அதன் பக்கத்தில் வரக்கூடாது. ஓர் ஒன்றியத்தில் கள் விற்க அனுமதித்தால் அங்குள்ள மதுக்கடைகளில் குறிப்பிட்ட எண்ணிக்கையை மூட வேண்டும். ஏலமும் குத்தகைதாரரும் வேண்டாம். மரங்களுக்கு எண் கொடுத்து, ஏறுபவர் பெயரிலேயே உரிமம் தந்து, இறக்கிய ஒன்றியத்தை விட்டுக் கள் வெளியே போவதைத் தடுத்து, உணவுப் பாதுகாப்பு அலுவலர் முன்னறிவிப்பின்றி மாதிரி எடுக்கலாம். பனை மிகுந்த தூத்துக்குடி, ராமநாதபுரம் மாவட்டங்களில் தலா ஓர் ஒன்றியத்தில் ஒரு பருவம் இதைச் செய்து பார்த்து, மருத்துவமனைப் பதிவுகளையும் மது விற்பனைக் கணக்கையும் பொதுவில் வைக்கட்டும். குடி கூடியிருந்தால் அனுமதியைத் திரும்பப் பெறலாம். நானும் என் வாதத்தைத் திரும்பப் பெறுகிறேன்.