மறந்தது பிள்ளைகள்தானா?

தரமணியில் எங்கள் பகுதிப் பெரியவர்கள் நாலு பேர் மாலையில் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சு கடைசியில் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கும். "வெளிநாடு போனதுகளுக்கு அமாவாசையாவது, திதியாவது! எல்லாம் நம்மோடு சரி சார்." இந்தப் புலம்பலை நான் ஒப்புக்கொள்வதில்லை. ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் படியுங்கள்.

முதலில் தேதிச் சண்டை. இங்கே தினசரித் தாளைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். நியூ ஜெர்சியில் இருக்கும் மகன் முதல் நாளே செய்துவிட்டால், "நாளைக்கூடச் சரியாகப் பார்க்கத் தெரியவில்லை" என்று குறை. திதி என்பது சூரியனுக்கும் சந்திரனுக்கும் உள்ள இடைவெளிக் கணக்கு. 12 பாகை கூடினால் அடுத்த திதி. உலகம் முழுவதற்கும் அது ஒரே நொடியில்தான் பிறக்கிறது. இங்கே செவ்வாய் மாலை 6 மணிக்குப் பிறந்தால், கோடையில் அங்கே செவ்வாய் காலை 8.30. சிராத்தத்துக்குப் பிற்பகலில் திதி இருக்கவேண்டும் என்பது பெரியவர்கள் வைத்த விதி. நமக்குப் புதன் பிற்பகல்தான் கிடைக்கும், அவனுக்குச் செவ்வாயே கிடைத்துவிடும். அவன் செய்ததுதான் சரி. மயிலாப்பூர்ப் பஞ்சாங்கத்தை அவன் தலையில் கட்டுவது தவறு.

அடுத்து, ஈழத்தமிழர்களைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் ஆடி அமாவாசைக்கும் அந்தியேட்டிக்கும் கீரிமலைதான். 1990-இல் வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்தபின் அந்தப் பகுதி பல வருடம் உயர் பாதுகாப்பு வலயமாகக் கிடந்தது. ஊரும் இல்லை, தீர்த்தமும் இல்லை. அவர்கள் விட்டுவிட்டார்களா? டொரண்டோவிலும் லண்டனிலும் முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் அச்சிடுகிறார்கள். இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பு, தேவாரம், பல மலர்களில் வம்சாவளியும் உண்டு. அப்படிப்பட்ட மலர்கள் பல 'நூலகம்' இணையதளத்தில் யாரும் படிக்கும்படி இருக்கின்றன. ஒரு குடும்பத்தின் சாவுச் சடங்கு ஒரு சமூகத்தின் வரலாறாக மிஞ்சியிருக்கிறது.

இனி இங்கே வருவோம். தஞ்சாவூரிலிருந்தும் நெல்லையிலிருந்தும் வேலைக்காகச் சென்னை வந்த குடும்பங்களும் குடிபெயர்ந்த குடும்பங்கள்தானே? ஆற்றங்கரை போய்க் குளியலறை வாளி வந்தது. குலதெய்வத்துக்கு வருடம் ஒருமுறை என்பது பத்து வருடத்துக்கு ஒருமுறை ஆனது. கூடத்தில் போட்ட படையல் மேடைச் சமையலறையின் ஓரத்துக்குப் போயிற்று. அதற்கெல்லாம் 'வசதி' என்று பெயர். பிள்ளை லீவு கிடைக்காமல் ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளி வைத்தால் மட்டும் 'மறந்துவிட்டான்' என்று பெயரா? இது என்ன நியாயம்?

உண்மையில் தொலைவது சடங்கு அல்ல, பெயர்கள். தர்ப்பணம் செய்பவர் இரு பக்கமும் மூன்று தலைமுறைப் பெயரைச் சொல்லவேண்டும். படையல் போடுகிற வீட்டிலும் யாருக்காக என்று தெரிந்தால்தான் அர்த்தம். பாஸ்டனில் இருக்கிற பேரனுக்குக் கொள்ளுப்பாட்டி பெயர் எங்கிருந்து தெரியும்? கூகிள் சொல்லாது. நீங்கள்தான் சொல்லவேண்டும். அதிலும் பெண்கள் பெயர் முதலில் மறைந்துவிடும். 'மாயவரத்துப் பாட்டி' என்றே கூப்பிட்டு, அவள் பெயர் என்ன என்று கேட்டால் வீட்டில் ஒருவருக்கும் தெரியாத குடும்பங்கள் எத்தனை!

எனவே புலம்பலை நிறுத்துங்கள். இந்த வாரமே ஒரு நோட்டுப் புத்தகம் எடுங்கள். அப்பா வழி, அம்மா வழி இரண்டிலும் ஆண், பெண் எல்லோர் பெயர், ஊர், இறந்த மாதம், பட்சம், திதி, தெரிந்தால் ஆங்கிலத் தேதியும் எழுதுங்கள். ஒவ்வொருவரைப் பற்றியும் இரண்டு வரி போதும்: என்ன வேலை பார்த்தார், எதைப் பிரியமாகச் சாப்பிடுவார். பேரனுக்குத் தமிழ் படிக்க வராது என்றால் அதையே வாயால் சொல்லிப் பதிவு செய்து அனுப்புங்கள். அதன்பிறகும் அவன் செய்யவில்லை என்றால் திட்டுங்கள், நானும் கூடச் சேர்ந்து திட்டுகிறேன்.